உம்மாவின் சீனி

தோஹா
24.05.2024

அன்பு றபீக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. எனக்குச் சொல்ல மனமில்லாவிட்டால் சுவரைப் பார்த்தாவது சொல்லிவிடு.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த கையோடு என் நம்பரை புளொக் பண்ணினாய். நாலு மாதம் ஆகிறது. ஸாஹிர் மச்சானுக்குப் போன் எடுத்தால், "ஒங்கட தங்கச்சி தூங்குறா மச்சான்" என்கிறார். காலையில் எடுத்தாலும் தூக்கம், அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தாலும் தூக்கம். என்னிடம் பொய் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்கும். அதனால்தான் பள்ளிக்கூடத்தோடு விட்ட பேனையை எடுத்திருக்கிறேன். என் அறையில் இருக்கும் உன்னிச்சை ஊர்க்காரன் சிவதர்ஷன் லீவில் ஊருக்குப் போகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

சண்டையை நான் ஊருக்கு வந்த பிறகு பேசுவோம். இது வேறு விசயம், நல்ல விசயம்.

நான் ஆறு வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை குடிப்பது உனக்குத் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் எப்போதும் நூற்றிருபதுக்குக் கிட்டத்தான் நிற்கும். குளிசையைக் கூட்டினாலும் அதே. ஒரு மாதம் சோற்றையே தொடாமல் வெள்ளரிக்காயும் அவித்த கோழியும் தின்றேன், அப்போதும் அதே. இங்கே புதிதாக வந்த பெண் டொக்டர் ஒருவர், சூடான் நாட்டவர், என் பழைய ரிப்போட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, இது வழக்கமான சீனி வருத்தம் மாதிரித் தெரியவில்லையே என்று மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்தார். போன கிழமை முடிவு வந்தது.

இந்த ஏசி மெக்கானிக்குக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன், சிரிக்காதே. அறை எவ்வளவு குளிரில் நிற்க வேண்டும் என்று ஏசியில் ஓர் அளவு வைப்போம். அதைப் பார்த்துத்தான் மெஷின் ஓடும், நிற்கும். இரத்தத்தில் சீனி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளந்து பார்க்கிற ஒன்று உடம்பிலும் இருக்கிறதாம். அதைச் செய்கிற மரபணுவில் எனக்குப் பிறவியிலேயே ஒரு சின்ன மாற்றம். அதனால் அளவு கொஞ்சம் மேலே வைக்கப்பட்டிருக்கிறது. மெஷின் பழுதில்லை. கண்ணையும் காலையும் கெடுக்கிற சாதியும் இல்லை. குளிசையை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் சாப்பிடுவது போல அளவாகச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே என்றார். இது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவது, உன் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்றும் கேட்டார்.

எனக்கு உடனே உம்மா ஞாபகம். முப்பது வருடம் சீனி என்று சொல்லிச் சொல்லி இனிக்க இனிக்க வட்டிலப்பம் தின்றா. எழுபது வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்த்தா. பிறகு உன்னை நினைத்தேன். உனக்கும் கிளினிக்கில் முதலில் பார்த்தபோது அதே நூற்றிருபதுதானே? உம்மாவுக்கும் எனக்கும் உனக்கும் ஒரே கணக்கு. ஒரே மடியில் பால் குடித்த நமக்கு ஒரே இரத்தம், வேறு எப்படி இருக்கும்?

என் தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு இன்சுலின் ஊசி போடுகிறாள், சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள் என்று டொக்டரிடம் சொன்னேன். "அவளுக்கும் இது இருந்து, பிள்ளைக்கும் வந்திருந்தால், சீனியை வலிந்து குறைப்பது பிள்ளையைச் சின்னதாக்கிவிடலாம். இருந்தால் என்றுதான் சொல்கிறேன். அவளையும் சோதிக்க வேண்டும். இந்த ரிப்போட்டை அங்குள்ள டொக்டரிடம் காட்டச் சொல்" என்றார். டொக்டர்மார் 'இருந்தால்' போடாமல் வாய் திறக்க மாட்டார்கள். நமக்கு எதற்கு 'இருந்தால்'?

இரண்டு வருடத்துக்கு முன் ஏழாம் மாதத்தில் நீ இழந்த பிள்ளையை நினைத்துப் பார். சீனி என்று சொன்னதும் பயந்துபோய் அரை ரொட்டியும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தாய். பிள்ளை கைக்குள் அடங்குகிற அளவில்தான் இருந்தது என்று உம்மா போனில் அழுதா. அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

சாப்பிடு றபீக்கா. இந்தப் பிள்ளையையாவது பட்டினி போடாதே. ரிப்போட்டின் போட்டோக் கொப்பி உள்ளே இருக்கிறது.

நோன்பு மாதத்தில் பிறந்த என் மகன் பஸ்லானை நான் இன்னும் போனில்தான் பார்க்கிறேன். காத்தான்குடிப் பக்கம் போனால் உன் மதினி நஸ்ஹாவையும் அவனையும் ஒருதரம் எட்டிப் பார்.

உன் காக்கா
பஹ்மி

---

ஏறாவூர்
09.06.2024

பஹ்மி அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சண்டையை ஊருக்கு வந்து பேசலாம் என்கிறீர்கள். நீங்கள் வருவது ஒக்டோபரில். அதுவரைக்கும் அது என் தொண்டைக்குள் கிடக்க வேண்டுமா? நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்டிய நாலு பெண்களில் நானும் ஒருத்தி. காலடியில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் போனது. இன்ன தெரு, இன்னாருடைய மனைவி, "பஹ்மி, நுஸ்ரா ஆகியோரின் அன்புத் தாயாராவார்." அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவ, "றபீக்காட பேர உட்டுட்டாங்க போல" என்றா. மற்றவ, "பெத்த புள்ளைகளத்தானே சொல்லுவாங்க" என்றா. என் கை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. பள்ளிக்குப் போனில் பெயர் கொடுத்தது நீங்கள் என்று பிறகுதான் தெரிய வந்தது.

நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். என்னைப் பெற்றவ நான் ஒன்பது நாள் பிள்ளையாக இருக்கும்போதே மௌத். வாப்பா வேறு கலியாணம் முடித்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போய்விட்டார். அடுத்த வீட்டு வளவில் நீங்கள் ஆறு மாதக் கைப்பிள்ளை. உங்கள் உம்மா ஒரு பக்கம் உங்களையும் மறுபக்கம் என்னையும் போட்டுப் பால் கொடுத்தா. அந்தப் பாலால் மார்க்கத்தில் நாம் சகோதரங்கள். உங்களுக்கு முன்னால் நான் முக்காடு போடத் தேவையில்லை, உங்களை நான் கலியாணம் முடிக்க ஏலாது. உம்மா படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் அவவின் மலசலம் அள்ளியது நான். ஆனால் ஒலிபெருக்கிக்கு நான் பக்கத்து வீட்டுக்காரி.

இப்போது 'ஒரே இரத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். ஸாஹிர் வந்து பார்த்துவிட்டு, "என்னத்துக்கு சிரிக்கிறா?" என்று கேட்டார்.

இங்கே நிலைமை இதுதான். கர்ப்பிணிகளைப் பார்க்கிற குடும்பநல மாது சர்மிளா சொன்னபடி சாப்பாட்டுக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி மீன், கால்வாசிச் சோறு. பின்னேரம் ஒரு குரக்கன் ரொட்டி. இரண்டு வேளை ஊசி. பசி வயிற்றைப் பிடுங்குகிறது. இவ்வளவு செய்தும் போன கிழமை ஸ்கேனில், பிள்ளை வாரக் கணக்குக்குக் கொஞ்சம் சின்னம் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த முறை பார்ப்போம் என்றும் சொன்னார்கள். எனக்கு 'சின்னம்' மட்டும்தான் காதில் விழுந்தது. முதல் பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்தபோது பாரமே இருக்கவில்லை.

உங்கள் ரிப்போட்டை கிளினிக்குக் கொண்டுபோனேன். உட்காரும் வாங்கு நிறையச் சனம். என் முறை வந்ததும் எழும்பினேன். எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறார் என்று தொடங்கினால், கூடப் பிறந்தவரா என்று கேட்பார்கள். ஓம் என்றால் பொய். இல்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் இன்னொருதரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிக்கப் போகிறேன். உம்மா செய்கிற மாதிரி, ஏலக்காய் கூட்டி, முட்டை கூட்டி. ஊசியைப் பற்றியும் யோசிக்கிறேன். உம்மாவின் நகையோ வளவோ எனக்குத் தேவையில்லை. அவவின் சீனி எனக்கும் வந்திருக்கிறது என்று கேட்டபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோசமாக இருந்தது.

நம்பரை இன்னும் திறக்கவில்லை.

றபீக்கா

---

தோஹா
25.06.2024

மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் என் தங்கச்சிக்கு,

'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறாய். முப்பத்துநாலு வருடம் "டேய் காக்கா" என்று கூப்பிட்ட வாயா அது? வாசித்து முடிக்க எனக்கு இரண்டு தேநீர் தேவைப்பட்டது.

ஒலிபெருக்கி விசயத்தை மழுப்ப மாட்டேன். அன்று காலை பள்ளியிலிருந்து போன் எடுத்தவர், "பெத்த புள்ளைகள்ற பேரச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் மெஷின் சத்தத்துக்குள் நின்று அழுதுகொண்டிருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். றபீக்காவும் என்று சேர்த்திருக்கலாம். வாய் வரையும் வரவில்லை. உன்னை மறந்து அல்ல. நீ வீட்டில் உம்மாவோடு நிற்கிறாய், உன் பெயரை யாரும் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டுமா என்ற நினைப்பு. இப்போது எழுதும்போது அது நொண்டிச் சாட்டாகத்தான் தெரிகிறது.

நீ இனிச் சாப்பிடுவாய் என்று கேட்டு மனம் நிறைந்துவிட்டது. பெருநாள் அன்று இங்கே நாங்கள் ஏழு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். நான் மூன்று தரம் சோறு போட்டேன். சீனிக்காரன் பார்த்துத் தின்னடா என்று ஒருவன் சொன்னான். எங்கள் வீட்டுச் சீனி ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டேன்.

ஊசியை நிறுத்தினால் டொக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்து. இல்லாவிட்டாலும் பெரிய பயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை கொழுகொழுவென்று வரட்டும்.

அடுத்த மாதம் டொக்டர் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் யார் யாருக்கு இது இருக்கிறது என்று ஒரு படம் கீறுவார்களாம். உன் பெயரையும் கொடுக்கிறேன். அங்கேயாவது உன் பெயர் விடுபடாது.

நம்பரைத் திற. பேரீச்சம்பழம் ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

காக்கா

---

தோஹா
14.07.2024

றபீக்கா,

இதைப் படம் எடுத்து ஸாஹிர் மச்சானின் போனுக்கு அனுப்புகிறேன். காலையிலிருந்து எட்டுத் தரம் அவரோடு பேசிவிட்டேன். நீ போனுக்கு வர மறுக்கிறாய் என்கிறார். சரி, வராதே. இதை மட்டும் வாசி. வாசித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்று டொக்டரிடம் படம் கீறப் போனேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உம்மாவுக்கு ஒரு வட்டம் கீறினார். கீழே எனக்குச் சதுரம், நுஸ்ராவுக்கு வட்டம். "இன்னொரு தங்கை இருக்கிறாள், அவளுக்கும் சீனி இருக்கிறது, அவளைப் பற்றித்தான் உங்களிடம் கேட்டேன்" என்று நான் அவசரப்பட்டுச் சொன்னேன். உனக்கும் ஒரு வட்டம் கீறி, எங்களோடு கோடு போட்டு இணைத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூத்தவளா இளையவளா என்று கேட்டார். என்னைவிட ஆறு மாதம் இளையவள் என்றேன்.

பேனை நின்றது. ஒரு தாய்க்கு எப்படி ஆறு மாதத்தில் இரண்டு பிள்ளை என்று கேட்டார். பால்குடிச் சகோதரம் என்றேன். அவரும் முஸ்லிம்தானே, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உன் வட்டத்துக்கு வந்த கோட்டை அப்படியே வெட்டினார்.

மரபணு பிறப்பால் மட்டும்தான் வரும், பாலால் வராது என்றார். உன்னுடையது கர்ப்பத்தில் வருகிற சீனியாகவோ எல்லோருக்கும் வருகிற சீனியாகவோதான் இருக்கும், நூற்றிருபது என்ற எண் இரண்டு பேருக்கும் பொருந்தியது தற்செயல். உனக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஊசியும்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறவை. எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னவை உனக்குக் கட்டாயம் வேண்டும். "அவள் இன்னும் ஊசி போடுகிறாள்தானே?" என்று கேட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியில் வந்தேன்.

அங்கேயே வெளியில் நின்று மச்சானுக்கு எடுத்தேன். "பெருநாளோட ஊசிய நிப்பாட்டிட்டா மச்சான். நேத்தும் பிட்டும் வாழப்பழமும் சீனியும் போட்டுத் திண்டவ. நீங்கதானே எழுதின?" என்றார். ஓம், நான்தான் எழுதினேன். முதல் பிள்ளையைப் பற்றியும் நான்தான் எழுதினேன். அது தெரியாமல் எழுதியது, பொய். அதை மனதிலிருந்து எடுத்துவிடு.

போ றபீக்கா. நான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினேன் என்று சொல். என்னைத் திட்டட்டும்.

பஹ்மி

---

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி
22.07.2024

பஹ்மிக்கு,

அன்று பின்னேரமே கொண்டுவந்து வாட்டில் சேர்த்து மறித்துவிட்டார்கள். சீனி முந்நூற்றுக்கு மேல். முன்பு சின்னம் என்ற பிள்ளை இப்போது ஸ்கேனில் வாரக் கணக்கை விடப் பெரிசாம். பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீரும் கூடிவிட்டதாம். பெரிசானால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். இல்லை, என் இரத்தத்தில் கூடிய சீனியைக் குடித்து ஊதுகிற பிள்ளை சில வேளை திடீரென்று வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடும் என்று டொக்டர் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். முதல் பிள்ளையின் கதையைக் கேட்டு, அதுவும் கட்டுக்குள் வராத சீனியால் போயிருக்கலாம், பட்டினியால் அல்ல என்றார். நிச்சயமாகச் சொல்ல ஏலாதாம்.

இப்போது நாலு வேளை ஊசி. பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அசையாத நேரம் நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

சர்மிளா பார்க்க வந்தா. "என்ன கா றபீக்கா, ஊசி போடுறன் போடுறன் எண்டு எனக்குப் பொய்தானே சொன்னீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தா.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும்போது நான் பெற்ற பிள்ளை இல்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருந்தது. சீனியைப் பற்றி எழுதும்போது மட்டும் எப்படி மறந்தது? உம்மாவின் மௌத்துக்கு நான் வேறு, உம்மாவின் வருத்தத்துக்கு நான் சொந்தமா? மறப்பதென்றால் அன்றைக்கு மறந்திருக்கலாமே.

உங்கள் மேல் மட்டும் பழி போடவும் எனக்கு வாய் வரவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. எனக்குத் தெரியாதா? நான் யார் வயிற்றில் பிறந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியாதா? ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தில் நான் தேறியவள். உங்கள் கடிதத்தை ஒருதரம் நிதானமாக வாசித்திருந்தால் போதும். நான் வாசிக்கவில்லை. 'உம்மாவுக்கும் எனக்கும் உனக்கும்' என்று நீங்கள் எழுதியதைத்தான் தின்றேன். நாலு கிழமை ஒவ்வொரு கவளத்தையும் நான் உம்மாவின் மகள் என்று நினைத்துத் தின்றேன்.

இந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்னை நான் மன்னிக்க மாட்டேன். உங்களையும்தான்.

எழுத வேண்டாம்.

றபீக்கா

---

தோஹா
10.08.2024

றபீக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. லீவைக் கேட்டேன், ஒக்டோபருக்கு முன் இல்லை என்றுவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். "வந்து என்ன செய்யப் போறீங்க? அவட முகத்தப் பாக்க ஒங்களால ஏலாது" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நஸ்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே எடுத்து, "நான் போய் அவவோட நிக்கிறன். ஒங்கட பேர எடுக்க மாட்டன்" என்றாள். பஸ்லானையும் தூக்கிக்கொண்டு வருவாள். அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே. அவள் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

சீனிக்கு மட்டும் எப்படி மறந்தது என்று நீ கேட்டாய். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அது வருகிறது.

பஹ்மி

---

ஏறாவூர்
18.09.2024

காக்கா,

மகள் பிறந்து ஆறு நாள். ஸாஹிர் உனக்குச் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

சீனி திரும்பக் குழம்பத் தொடங்கியதால் நாளுக்கு முன்பே வயிற்றை வெட்டி எடுத்தார்கள். நாலு கிலோவுக்குக் கிட்ட. பார்த்தவர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ், நல்ல கொழுத்த பிள்ளை என்றார்கள். அது நல்ல கொழுப்பு இல்லை என்று எனக்கும் டொக்டருக்கும்தான் தெரியும். என் உடம்பிலிருந்து வந்த சீனி நின்றதும் அவளுக்குச் சீனி தடதடவென்று இறங்கிவிட்டது. கை கால் நடுங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையில் குழாய் வழியாகச் சீனித் தண்ணீர் ஏற்றினார்கள். எனக்குக் காயத்தில் கிருமி பிடித்துக் காய்ச்சல். பால் சொட்டவில்லை. டின்னில் வருகிற மாப்பால் கொடுத்தால் கக்கினாள். குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் அடிக்கடி பால் இறங்க வேண்டும், இறங்கினால்தான் சீனி நிற்கும் என்றார்கள். என்னால் எழும்பிப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை.

நஸ்ஹா மதினி ஒரு மாதமாக என்னோடுதான் நின்றா. சொன்ன வாக்கைக் காப்பாற்றி உன் பெயரை ஒருநாளும் எடுக்கவில்லை. பஸ்லானுக்குக் கொடுத்த பிறகும் அவவுக்குப் பால் கட்டி நோகும். அவவே நேர்ஸிடம் போய்க் கேட்டா. அவர்கள் டொக்டரிடம் கேட்டு, மதினியின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள். மகள் பிடித்துக்கொண்டாள். கக்கவில்லை. பின்னேரம் பார்த்தபோது சீனி நின்றிருந்தது. ஸாஹிர் வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

நாலு தரம் கொடுத்த பிறகு மதினி என் கட்டிலுக்கு வந்தா. மகள் கையில் இருந்தாள், பசியில் வாயைத் திருப்பிக்கொண்டு.

"றபீக்கா, இது அஞ்சாந் தரம். அஞ்சு தரம் வயிறு நெறயக் குடுத்தா மார்க்கத்துல இவ என்ட புள்ள. பஸ்லானுக்குத் தங்கச்சி. பெறகு மாத்தேலா. மாப்பாலும் இரிக்கி, இப்ப கக்காம குடிப்பா எண்டு நேர்ஸ் சொல்றா. நீ சொல்லு, ஸாஹிர் தம்பியும் சொல்லட்டும்."

ஸாஹிர் என்னைப் பார்த்தார். "ஒன்ட விருப்பம்தான்" என்றார்.

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை காக்கா. உனக்கு அது விளங்க வேண்டும். என் மகளுக்கு ஓர் உம்மா இருக்கிறா, வாப்பா இருக்கிறார். என்னை மாதிரி ஒருத்தர் வளவில் ஒதுங்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பாதிச் சொந்தமாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சஹனில் இடம் கிடைக்கும், ஒலிபெருக்கியில் கிடைக்காது. அந்த நோவை அவளுக்கும் கொடுக்க வேண்டுமா என்று யோசித்தேன். மாப்பால் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போது உம்மாவை நினைத்தேன். ஒன்பது நாள் பிள்ளையை மடியில் வாங்கும்போது அவ இதையெல்லாம் யோசித்திருந்தால் நான் இல்லை. என் கோபம் உன் மேல்தான், உம்மாவின் பால் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதனால் கொடுங்கள் என்றேன். கொடுத்து முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்லான் என் பக்கத்தில் கிடந்து தன் கால் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

ஆகவே இப்போது நீ அவளுக்கு மாமா மட்டும் இல்லை, பால்குடி வாப்பாவும்தான். அதற்குரிய இரண்டு கடமைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பஸ்லானுக்கு விவரம் தெரிகிற வயதில் நீயே சொல்லிக் கொடு. உன்னுடைய சீனி அவனுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சோதித்துப் பார்த்துக்கொள். ஆனால் தங்கச்சி என்ன தின்ன வேண்டும், எந்த மருந்து போட வேண்டும் என்று அவன் ஒருநாளும் சொல்லக் கூடாது. அது என்னிடமிருந்தும் ஸாஹிரிடமிருந்தும் வருகிற கணக்கு. எனக்கு இந்தச் சீனி திரும்ப வரக்கூடும், அவளும் கவனமாக இருக்க வேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். நான் இன்றைக்கும் கால்வாசிச் சோறுதான் சாப்பிட்டேன்.

மற்றது இது. அல்லாஹ் நஸ்ஹா மதினிக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனால் ஒருநாள் பள்ளியிலிருந்து யாரோ போன் எடுத்து, பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அன்றைக்கு நீயோ பஸ்லானோ, யார் பேசினாலும், அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். என் மகளின் பெயரையும் சொல்லுங்கள்.

பெயர் ஸாதியா. இப்போதே மனதில் எழுதி வைத்துக்கொள்.

றபீக்கா